நிற்கும் படகும் ஓடும் படகும்

கெப்பாலா பத்தாஸ் கடலோர ஊர் அல்ல. செபராங் பிறையின் வடக்கில், நெல் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. ஆனாலும் காரின் பின்னால் டிரெய்லரில் ஒரு சிறு படகை இழுத்துச் செல்ல நினைக்கும் குடும்பத்துக்கு இதைவிட வசதியான ஊர் பினாங்கு மாநிலத்தில் அதிகம் இல்லை. வடக்கே பினாங்கையும் கெடாவையும் பிரிக்கும் மூடா ஆறு. மேற்கே கோலா மூடா தொடங்கி பெனாகா வழியாகத் தெலுக் ஆயர் தாவார் வரை நீளும் சேற்றுக் கரை. பட்டர்வொர்த்தைத் தாண்டினால் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட நீரிணை. இன்னும் தெற்கே போனால் பத்து மூசாங் ஜெட்டி, அதற்கு எதிரே மீ ஊடாங்குக்குப் பெயர்போன புலாவ் அமான். இந்த ஊரில் படகு வாங்கலாம் என்ற பேச்சு ஒரு வீட்டில் எழுந்தால், பல வாரம் விலை விசாரித்த பிறகு அது பெரும்பாலும் இரண்டு படகுகளில் வந்து நிற்கும். இரண்டும் ஃபைபர் படகுகள். இரண்டும் பதினைந்தடி வாக்கில் நீளம். இரண்டிலும் பின்னால் தொங்குவது அவுட்போர்டு இஞ்சின். முதல் படகு அகலமானது, அடிப்பாகம் ஏறக்குறையத் தட்டை. அடிநடுவில் ஓடும் ஏராவிலிருந்து பக்கவாட்டில் 10 பாகைதான் உயர்கிறது. இரண்டாவது ஒடுக்கமானது, அதன் அடிப்பாகம் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல 22 பாகைக் கோணத்தில் மேலேறுகிறது. விற்பவர் இரண்டையும் ஓட்டிக் காட்டுவார், இரண்டாவதுதான் மனத்தைக் கவரும். அந்த வெள்ளோட்டமே வாங்குபவரைத் தவறான கேள்விக்குள் தள்ளிவிடுகிறது என்பது என் வாதம். குடும்பப் படகின் குணத்தை அறிய வேண்டுமானால், இஞ்சினை அணைத்துவிட்டு, அது சும்மா மிதக்கும்போது எப்படி நடந்துகொள்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ள, ஒரே படகுக்குள் இரண்டு படகுகள் இருப்பதை முதலில் பார்த்துவிடுவோம். நீரில் நகரும் எந்தப் படகும் தன் பின்னும் முன்னும் அலையை எழுப்புகிறது. ஆழமான நீரில் நீண்ட அலை வேகமாக ஓடும், குறுகிய அலை மெதுவாக ஓடும். ஆகவே படகின் வேகம் கூடக்கூட அது எழுப்பும் அலையும் நீள்கிறது. அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டும் கட்டத்தில் படகு தன் அலையின் பள்ளத்திலேயே சிக்கிக்கொள்கிறது. முன்பக்கமான அணியம் மேலே தூக்க, பின்பக்கம் அமிழ, தானே கட்டிய மேட்டில் தானே ஏறத் திணறுகிறது. இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் 1872-இல் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, அதில் மாதிரிப் படகுகளை இழுத்து அளந்த வில்லியம் ஃப்ரூட் வகுத்துக் கொடுத்த கணக்கு இது. நீர்மட்டத்தில் 4 மீட்டர் நீளமுள்ள படகுக்கு அந்த எல்லை மணிக்கு சுமார் 9 கிலோமீட்டர், அதாவது மெல்ல ஓடும் ஒரு மனிதரின் வேகம். இஞ்சினின் பலத்தால் அந்த மேட்டைத் தாண்டிவிட்டால் படகு நீரைப் பிளப்பதை விட்டு அதன் மேல் சறுக்கத் தொடங்குகிறது. மேட்டுக்குக் கீழே அது ஆர்க்கிமிடீஸின் விதிக்குக் கட்டுப்பட்ட மிதவை. மேட்டுக்கு மேலே, நீர் தள்ளித் தாங்கும் பலகை. ‘வி’ கோணம் என்பது முழுக்க முழுக்க இந்த இரண்டாவது பிறவிக்காக உருவானது. ஆனால் ஒரு குடும்பம் படகில் கழிக்கும் பொழுதில் மிகப்பெரும் பகுதி முதல் பிறவியில்தான் கழிகிறது: சரிவுப் பாதையில் இறக்குவது, எல்லோரும் ஏறும்வரை காத்திருப்பது, ஆற்று முகத்தில் மெல்ல ஊர்வது, நங்கூரமிட்டுத் தூண்டில் போடுவது, சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பது, தெலுக் ஆயர் தாவார் சேற்றில் இரை தேடும் வலசைப் பறவைகளைப் பார்ப்பது. சறுக்கி ஓடுவது போகவும் வரவும் சில நிமிடங்கள்.

மிதவையாக நிற்கும் படகு எவ்வளவு சாயும் என்ற கேள்விக்கு 1746-இல் விடை எழுதியவர் பியர் பூகேர் என்ற பிரெஞ்சுக்காரர். பூமியின் வடிவத்தை அளக்கப் போன குழுவோடு ஆண்டிஸ் மலைகளில் ஆண்டுக்கணக்காகத் தங்கியிருந்த காலத்தில், கடலை விட்டு வெகு உயரத்தில், கப்பல் நூலின் பெரும்பகுதியை எழுதினார் என்பது ஒரு வேடிக்கை. படகு சாயும்போது அதைத் தாங்கும் நீரின் விசையும் ஒரு பக்கம் நகர்கிறது. அந்த விசையின் கோடு படகின் நடுக்கோட்டைச் சந்திக்கும் இடத்தை அவர் மெட்டாசென்டர் என்றார். அந்தப் புள்ளி படகின் எடை மையத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு உறுதி. கீழே இறங்கிவிட்டால் படகு நேராக நிற்க முடியாது. சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நீர்மட்டத்தில் படகின் அகலம் அதில் மும்மடியாக, அதாவது தன்னைத் தானே மூன்று முறை பெருக்கிக்கொண்டு வருகிறது. அகலத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் அந்த உறுப்பு 33 விழுக்காடு கூடும். நம் இரண்டு படகுகளுக்கும் இதைப் போட்டுப் பார்ப்போம். படகு, இஞ்சின், எண்ணெய், ஐந்து பேர் கொண்ட குடும்பம் எல்லாம் சேர்த்து 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆட்களின் எடை 300 கிலோ. தட்டைப் படகு நீர்மட்டத்தில் 1.7 மீட்டர் அகலம். கூர்மையான அடிப்பாகம் கீழே ஒடுங்கிப் போவதால் ‘வி’ படகு 1.4 மீட்டர். அகல வேறுபாடு ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் நீர்மட்டப் பரப்பைச் செவ்வகமாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், மெட்டாசென்டர் எடை மையத்துக்கு மேலே நிற்கும் உயரம் தட்டைப் படகில் ஏறத்தாழ 1.75 மீட்டர், ‘வி’ படகில் 0.8 மீட்டர். பாதிக்கும் குறைவு.

இதற்கு நடைமுறையில் என்ன பொருள்? நங்கூரமிட்ட படகில் ஒரு சிறுவனின் தூண்டிலை மீன் இழுக்கிறது. அவன் விளிம்புக்குப் பாய்கிறான், தங்கையும் பாய்கிறாள், மீன் கைநழுவிவிடக் கூடாதே என்று அப்பாவும் வலையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வருகிறார். மூவர் சேர்ந்து 150 கிலோ, நடுவிலிருந்து 60 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறார்கள். தட்டைப் படகு 4 பாகை சாயும். மடியில் இருக்கும் தட்டிலிருந்து குழம்பு வழியாது. ‘வி’ படகு 9 பாகை சாயும். இந்த நேரம் பார்த்து மற்ற இருவரும், என்ன மீன் என்று பார்க்க, இருந்த இடத்திலேயே எழுந்து நின்றால் எல்லோருடைய எடை மையமும் மேலே போய்விடுகிறது: தட்டைப் படகில் சாய்வு 5 பாகையைக்கூட எட்டாது, ‘வி’ படகிலோ 12 பாகையைத் தாண்டும். அந்தச் சாய்வில் ஈரத் தரையில் ரப்பர் செருப்பு வழுக்கும். வழுக்கியவர் விழுவதும் தாழ்ந்த பக்கத்தில்தான். அதோடு சாய்வு இன்னும் கூடும். உண்மையான படகு செவ்வகம் அல்ல என்பதால் இந்த எண்களைச் சற்று முன்பின்னாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘வி’ படகு சாயச்சாய அதன் பக்கவாட்டு முனை நீரில் இறங்கித் தாங்கத் தொடங்கும் என்பதும் மெய். ஆனாலும் எந்தப் படகு முதலில் ஆளைத் தடுமாற வைக்கும் என்பதில் ஐயம் இல்லை.

அசையாமல் நிற்கும் நீரில் நிற்கும் படகு ஆபத்தானதா என்று கேட்பவர்களுக்கு வரலாறு கசப்பான விடைகளை வைத்திருக்கிறது. 1915 ஜூலை 24 அன்று சிகாகோ ஆற்றில் ஈஸ்ட்லேண்ட் என்ற உல்லாசக் கப்பல், கரையில் கயிறு கட்டியிருந்த நிலையிலேயே பக்கவாட்டில் உருண்டது. ஒரு தொழிற்சாலையின் ஊழியர்கள் குடும்பத்தோடு சுற்றுலாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். காற்று இல்லை, அலை இல்லை, ஆழம் சுமார் 6 மீட்டர். 844 பேர் இறந்தார்கள். டைட்டானிக்குக்குப் பிறகு பாதுகாப்புக்காகவென்றே மேலே ஏற்றி வைத்த கூடுதல் உயிர்காப்புப் படகுகள் அதன் எடை மையத்தை இன்னும் உயர்த்தியிருந்தன. தமிழர்களுக்கு நெருக்கமானது தேக்கடி. 2009 செப்டம்பர் 30 அன்று பெரியாறு நீர்த்தேக்கத்தில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தபோது அது சாய்ந்தது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றி மேல்தளம் கட்டிய சுற்றுலாப் படகு, அளவுக்கு மேல் ஆட்களோடு கவிழ்ந்தது. அங்கும் 22 உயிர்கள். இவற்றில் ஒன்றுகூட அதிவேகத்தால் நேர்ந்ததல்ல.

இவை பெரிய கலங்கள், பதினைந்தடிப் படகோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஒப்பிட்டால் சிறு படகின் நிலைமை இன்னும் மோசம் என்பதுதான் தெரியவரும். ஈஸ்ட்லேண்டில் 2,500 பேருக்கு மேல் இருந்தும் அவர்களுடைய எடை கப்பலின் மொத்த எடையில் சிறு பங்கே. நம் படகில் ஆட்களின் எடை ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். சரக்கே தன் விருப்பப்படி எழுந்து நடக்கும் கலம் இது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் வெளியிடும் உல்லாசப் படகு விபத்து அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் சித்திரமும் இதுவே: இறப்புகளில் சுமார் நான்கில் மூன்று மூழ்கி இறந்தவை; விபத்துகளில் மிக அதிகமானவை அலை அரையடியைக்கூட எட்டாத அமைதியான நீரில் நிகழ்ந்தவை. இதை வைத்து அமைதியான நீர் கொந்தளிப்பான நீரைவிட ஆபத்தானது என்று சொல்லிவிட முடியாது. மக்கள் நல்ல வானிலையில்தான் அதிகம் போகிறார்கள். அதிகம் போகும் இடத்தில் அதிக விபத்து என்பது வெறும் எண்ணிக்கைக் கணக்கு. இந்த மறுப்பு சரியானதே. ஆனால் படகு வாங்குபவருக்கு வேண்டியதும் அந்த எண்ணிக்கைக் கணக்குதான். எந்த நீர் கொடியது என்று ஆராய அவர் வரவில்லை. தன் குடும்பம் எந்த நீரில் அதிக நேரம் இருக்கப்போகிறது என்று தெரிந்து, அதற்கேற்ற படகைத் தேடி வந்திருக்கிறார்.

இனி ‘வி’ படகின் பக்கம். அதற்காகப் பேச நல்ல இயற்பியல் இருக்கிறது. கடல் விமானங்களின் மிதவைகள் நீரில் இறங்கும்போது எவ்வளவு அடி வாங்கும் என்பதை 1929-இல் தியோடர் ஃபான் கார்மான் கணக்கிட்டார். ஆப்பு வடிவ அடிப்பாகம் நீரில் மோதும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அழுத்தம் கூடும். அடிப்பாகம் மேலேறும் கோணம் கூடினால் அழுத்தம் குறையும். அவருடைய சூத்திரப்படி 22 பாகை அடிப்பாகம் வாங்கும் அடியைப் போல் 10 பாகை அடிப்பாகம் ஏறத்தாழ 2.3 மடங்கு வாங்குகிறது. (நிற்கும்போது தட்டைப் படகு பெறும் உறுதியும் ஏறக்குறைய அதே மடங்கில் வந்து நிற்பது நான் எடுத்துக்கொண்ட எண்களின் தற்செயல்தான், ஆனால் ஒரு கையில் கொடுத்து மறு கையில் வாங்கும் பேரம் இது என்பது தற்செயல் அல்ல.) பினாங்கு நீரிணையில் இதன் பொருள் என்னவென்று பார்க்கலாம். 5 கிலோமீட்டர் நீர்ப்பரப்பின் மேல் மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று வீசினால் எழும் அலை சுமார் 36 சென்டிமீட்டர் உயரமும் 8 மீட்டர் நீளமும் இருக்கும். உயரம் முழங்காலைக்கூட எட்டாது. ஆனால் அலைகள் நெருக்கமாக வரும். அவற்றை எதிர்த்து மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் இரண்டு விநாடிக்கு மூன்று அடி வீதம் படகின் வயிற்றில் விழும். தட்டைப் படகில் முன்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கு இடுப்பு என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ரே ஹன்ட் வடிவமைத்த ஆழ்ந்த ‘வி’ படகு ஒன்று 1960-இல் மயாமி – நசோ கடற்பந்தயத்தில் மற்றவற்றை வெகுதூரம் பின்னே விட்டு வந்ததும், படகுக்காரர்கள் பலர் கூரிய அடிப்பாகத்துக்குத் தாவியதும் இதனால்தான். கரடுமுரடான கடலில் வேகம் வேண்டுமென்றால் வேறு வழி இல்லை.

ஆனால் நமக்கு அந்த வேகம் வேண்டுமா என்பதே கேள்வி. அடியின் வலிமை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று சொன்ன அதே சூத்திரம், தட்டைப் படகுக்காரருக்கு ஒரு மருந்தையும் சேர்த்தே சொல்கிறது. மோதும் வேகம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்தால் அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதற்குக் கொடுக்கும் விலை நேரம். கெப்பாலா பத்தாஸ் குடும்பம் போகக்கூடிய இடங்களின் தூரத்தைப் பார்த்தால் அந்த விலை மலிவு. 5 கிலோமீட்டரை மணிக்கு 30-இல் கடந்தால் 10 நிமிடம். 15-இல் கடந்தால் 20 நிமிடம். ஒரு நாள் உலாவில் போகவும் வரவும் இருபது நிமிட இழப்புக்காக, மீதி நேரம் முழுவதும் ஆடிக்கொண்டிருக்கும் படகை வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. எண்ணெய்ச் செலவும் இதே பக்கம் சாய்கிறது. முழு வேகத்தில் பத்துக் குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 4 லிட்டர் என்பது பெட்ரோல் அவுட்போர்டுகளுக்கான பொது மதிப்பீடு. கூரிய அடிப்பாகத்தைச் சறுக்க வைக்க அதிக விசை தேவைப்படுவதால் ‘வி’ படகுக்கு 60 குதிரைத்திறன் கேட்கும் கடைக்காரர், தட்டைப் படகுக்கு 30 போதும் என்பார்.

சேற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையைப் பற்றிப் பேச முடியாது. பினாங்கில் பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்குகிறது. தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை கரை அவ்வளவு தட்டை என்பதால், நீர் வடிந்தால் சேற்று வெளி கண்ணுக்கெட்டியவரை விரியும். மேலே சொன்ன கணக்கில் தட்டைப் படகு சுமார் 18 சென்டிமீட்டர் ஆழத்தில் மிதக்கும். ‘வி’ படகுக்கு 28 வேண்டும். பத்து சென்டிமீட்டர் ஒரு வேறுபாடா? ஆயிரம் மீட்டருக்கு 2 மீட்டர் இறங்கும் சரிவில் அது ஐம்பது மீட்டர் தூரம்: ஒரு படகு மிதந்துகொண்டிருக்கும் இடத்துக்கு ஐம்பது மீட்டர் வெளியிலேயே மற்றது தரைதட்டிவிடும். தரை தட்டுவதற்கு முன்பே தொல்லை தொடங்கிவிடுகிறது. அவுட்போர்டு இஞ்சின் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளக் கீழிருந்து நீரை உறிஞ்சி, அதில் ஒரு சிறு தாரையைப் பின்பக்கத் துளை வழியாகப் பீய்ச்சும். புரொப்பல்லர் சேற்றைக் கிளறும் ஆழத்துக்கு வந்தால் அந்தத் தாரை முதலில் தேநீர் நிறமாகும், பிறகு மெலியும், பிறகு விட்டுவிட்டுச் சொட்டும். சொட்டும் நிலையிலும் இஞ்சினை ஓட்டினால் உள்ளே நீரை ஏற்றும் ரப்பர் இதழ்கள் தேய்ந்து, இஞ்சின் சூடேறி நின்றுவிடும். ஓதம் வடியும் வேளையில் சேற்றுக்கு நடுவே நின்றுபோனால், அடுத்த ஏற்றம் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இறங்கி நடக்கலாம் என்றால் சேறு தொடை வரை வாங்கும்.

வலுவான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, இரவில் சுமத்ரா பக்கம் திரண்டு மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் புயல்மழை வரிசைகள் உண்டு. ‘சுமத்ரா’ என்றே அவற்றுக்குப் பெயர். விடியலுக்கு முன்னும் காலையிலும் தீபகற்பத்தின் மேற்குக் கரையைத் தாக்கும். காற்று சில நிமிடங்களில் மணிக்கு 40, 50 கிலோமீட்டரைத் தாண்டும். வேகமான ‘வி’ படகு இருந்தால் ஓடித் தப்பலாமே என்பார்கள். ஓடித் தப்ப வேண்டுமானால் புயல் தெரிந்த கணமே தூண்டிலைச் சுருட்டி, நங்கூரத்தைத் தூக்கி, பிள்ளைகளை உட்கார வைத்துக் கிளம்பியிருக்க வேண்டும். அதற்குள் அலை எழுந்துவிட்டால் எந்தப் படகிலும் குடும்பத்தை வைத்துக்கொண்டு முழு வேகம் எடுக்க முடியாது. மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று ஒரு மணி நேரம் வீசினாலே பத்து மீட்டர் நீளத்தில் அரை மீட்டர் உயரச் செங்குத்து அலைகள் எழும். அப்போது இரண்டு படகுகளும் அணியத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி, மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். அதாவது இரண்டும் மறுபடி மிதவைகள். அந்த நிலையில் ‘வி’ கோணத்தின் பயன் கொஞ்சமே. பக்கச் சுவரின் உயரமும் அணியத்தின் உயரமும்தான் காக்கும். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: விற்பனைக்கு வரும் ‘வி’ படகுகளின் அணியம் பொதுவாக உயரமானது, தட்டைப் படகுகள் பலவற்றின் விளிம்பு தாழ்ந்தது. குளத்திலும் கால்வாயிலும் மீன்பிடிக்கச் செய்த, முட்டி உயரச் சுவர் கொண்ட தட்டைப் படகை நான் பரிந்துரைக்கவில்லை. அதைக் கடலுக்குக் கொண்டுபோவது மூடத்தனம். தெலுக் பஹாங் முனையைச் சுற்றித் தீவின் மேற்குக் கரைக்குப் போகும் பழக்கமுள்ள குடும்பம் என்றால் என் கணக்கே மாறும். அங்கே நீர்ப்பரப்பு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் திறந்து கிடக்கிறது. ‘வி’ படகைத்தான் வாங்க வேண்டும்.

தட்டைப் படகின் உறுதிக்கும் ஓர் எல்லை உண்டு. அகலமான படகு சிறு சாய்வுகளை வலுவாக எதிர்க்கும், ஆனால் குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டிவிட்டால் எதிர்ப்பு சட்டென்று குறைந்து, முன்னறிவிப்பில்லாமல் புரளும். ‘வி’ படகு எடுத்த எடுப்பிலேயே ஆடினாலும், சாயச்சாயத் தாங்கும் குணம் கொண்டது. தட்டைப் படகு அலையின் பரப்போடு ஒட்டி ஆடுவதால், பட்டர்வொர்த்துக்கு எதிரே பெரிய கப்பல் எழுப்பும் அலை பக்கவாட்டில் வந்து மோதும்போது அதன் ஆட்டம் விரைவாகவும் வெட்டி இழுப்பதாகவும் இருக்கும், சிலருக்குக் குமட்டும். இவை மெய்யான குறைகள். ஆனால் முதல் குறை ஆளை அளவோடு ஏற்றினால் தலைகாட்டாது. தானூரில் தலைகாட்டியது அளவு மீறியதால். ஆகவே கோணத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது படகில் பொருத்தியிருக்கும் தயாரிப்பாளர் தகடு. ஐரோப்பியச் சந்தைக்குச் செய்த படகுகளில் அந்தத் தகடு ஆள் எண்ணிக்கையோடு ஒரு வகை எழுத்தையும் தாங்கியிருக்கும். ‘டி’ வகை என்றால் 30 சென்டிமீட்டர் அலைக்குள் ஒதுக்கமான நீருக்கு மட்டும். ‘சி’ என்றால் 2 மீட்டர் அலை வரை கரையோரக் கடலுக்கு. நீரிணையில் நடுத்தரக் காற்றுக்கே 36 சென்டிமீட்டர் அலை எழும் என்று முன்னே பார்த்தோம். மூடா ஆற்றோடு நிற்பவருக்கு ‘டி’ போதும். புலாவ் அமானுக்குப் போக ஆசைப்படுபவர் ‘சி’ கேட்க வேண்டும். 6 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கான பன்னாட்டுத் தர விதியில் ஒரு சோதனை இருக்கிறது: ஏற்றத்தக்க ஆட்கள் அனைவரையும், அல்லது அவர்கள் எடையை, ஒரே பக்கமாக வைத்து, படகு எவ்வளவு சாய்கிறது, விளிம்பு நீருக்கு மேல் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளப்பார்கள். தூண்டிலில் மீன் சிக்கிய அந்தக் காட்சியைத்தான் தரக்குழு தன் மொழியில் எழுதி வைத்திருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு படகு நீரால் நிரம்பிவிட்டால்? சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இந்தக் கேள்விக்கே இடம் வைக்கவில்லை. மரமே மிதப்பதால் அதில் நிரம்புவதற்கு உள்ளிடம் கிடையாது, அலை மேலே ஏறி இடுக்குகள் வழியே இறங்கிப் போகும். ஃபைபர் ஓட்டுக்கு அந்த வரம் இல்லை. ஃபைபர் நீரைவிட அடர்த்தியானது, பின்னால் இஞ்சின் வேறு தொங்குகிறது. அமெரிக்காவில் 1958-இல் வந்த பாஸ்டன் வேலர் படகு இரண்டு ஃபைபர் ஓடுகளுக்கு நடுவே நுரையை நிரப்பிக் கட்டுமரத்தின் குணத்தை மீட்டது. 1961-இல் அதை இரண்டாக அறுத்து, அறுபட்ட பாதியில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டினார்கள். 20 அடிக்குக் குறைந்த அவுட்போர்டு படகுகள் நீர் நிரம்பினாலும் குப்புறப் புரளாமல் மட்டமாக மிதக்க வேண்டும் என்று அந்நாடு 1970களிலேயே விதி செய்தது. ஆக, இரண்டு படகுகளில் ஒன்றில் மட்டும் இப்படி நுரை அடைத்திருந்தால், நான் இதுவரை அடுக்கிய கணக்குகளை எல்லாம் ஓரம் வைத்துவிட்டு அதையே வாங்கலாம். படகில் இருப்போர் லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைக்காமல் உடம்பில் போட்டிருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. அதே அமெரிக்க அறிக்கைகளில் மூழ்கி இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அதை அணியாதவர்கள்.

விற்பவர் வெள்ளோட்டத்துக்கு அழைக்கும்போது குடும்பம் முழுவதும் போவது நல்லது. பத்து நிமிடம் அவர் விருப்பப்படி ஓட்டட்டும். பிறகு கரைக்கு அருகே, இடுப்பளவு நீரில், எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டபடி, இஞ்சினை அணைக்கச் சொல்லி, ஒவ்வொருவராக ஒரே பக்கம் வந்து உட்கார்ந்து விளிம்புக்கும் நீருக்கும் எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று பார்க்கலாம்; பெரியவர் ஒருவர் எழுந்து நின்றும் பார்க்கலாம். பழைய படகு என்றால் இன்னொரு வேலையும் உண்டு. உள்ளே அடைத்த நுரை ஆண்டுக்கணக்கில் வெடிப்புகள் வழியே நீர் குடித்துக் கனத்திருக்கலாம். மேலே தட்டிப் பார்த்தால் தெரியாது. டிரெய்லரோடு படகை ஒரு எடைமேடையில் ஏற்றி, டிரெய்லரின் எடையையும் இஞ்சினின் எடையையும் கழித்து, தயாரிப்பாளர் குறித்த ஓட்டின் எடையோடு ஒப்பிட வேண்டும். ஐம்பது அறுபது கிலோ கூடுதலாகக் காட்டினால் நுரைக்குள் நீர் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அந்தப் படகை வாங்குவதற்கு முன் தரைப்பலகையில் ஓரிடத்தைத் துளைத்துப் பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும்.